பதினேழாம் வாய்ப்பாடும் பச்சைமலைப் பாதையும்

என் தங்கையைக் கட்டிய கணக்குப்புலி மாப்பிள்ளைக்கு,

சமாதானம் எல்லாம் வேண்டாம். பதினேழைத் தெரிந்தேதானே பிடித்தீர்கள்? பதினாறு என்று வைத்திருந்தால் ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எப்படியாவது தட்டுத்தடுமாறிக் கரையேறியிருப்பேன். பதினெட்டு என்றால்கூட ஒன்பதை இரட்டிப்பாக்கிச் சமாளித்திருப்பேன். உலகத்தில் எவனுக்கும் உதவாத பதினேழை எங்கிருந்து தேடிப் பிடித்தீர்கள்? "அப்படியெல்லாம் இல்லை மச்சான்" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்கள் சைக்கிள் எதிரே சுவரில் சாய்ந்திருக்கிறது. தங்கை செல்லம்மாள் முறத்தில் அரிசியோடு பக்கத்தில் இருக்கிறாள். வாயால் சொல்லாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களுக்கு எழுதுவதெல்லாம் அவள் காதிலும் விழுகிறது.

நம் சைக்கிள் கோஷ்டிக் கிட்டு ஐயங்கார்தான் எழுதச் சொன்னார். "ஓய் மேஸ்திரி, உம்ம மாப்பிள்ளைக்கு ஒரு கடுதாசி எழுதும். அடுத்த வருஷம் பாலத்துல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவோம். புதுசா வரவாளுக்கும் வழி தெரியும்" என்றார். ஆகவே, உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன். வாத்தியாருக்குப் பாடம் எடுக்க இப்போதாவது வாய்த்ததே.

காணும் பொங்கல் அன்று மற்றவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். நாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்துக்குப் போவோம். பனியில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்து சேர்வோம். பாலத்தில் சக்கரம் ஏறியதும் ஒவ்வொருவனும் மிதித்துக்கொண்டே பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கரைக்குள் முடித்துவிட்டு, அதற்கு மேலும் பேச மூச்சு இருந்தால் அவனுக்கு மலை வழி. முடித்துவிட்டு மூச்சிரைத்தால் மேட்டு வழி. நடுவில் நின்றால் ஆற்றங்கரை வழி. இது நீங்கள் போட்ட சட்டம். இதற்கு எதிராக ஒருவனும் வாய் திறந்ததில்லை. திறந்தால் பதினேழு சொல்லச் சொல்வீர்கள்.

ஆற்றங்கரை வழி என்பது பாலம் தாண்டி மேற்கே திரும்பிக் குணசீலம் போவது. ஏற்றம் என்று பார்த்தால் வாய்க்கால் மதகுகளின் மேல் ஏறி இறங்குவதுதான். இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு, நிழல். மார்ச்சளிக்காரன், தொப்பைக்காரன், போன மாதம் காய்ச்சலில் படுத்தவன், எல்லாருக்கும் ஏற்றது. கோயிலில் சேவித்துவிட்டு, கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழத் திரும்பலாம்.

மேட்டு வழி எங்கள் மண்ணச்சநல்லூர் மேலாகத் துறையூர் வரை. அரிசி மில்லெல்லாம் தாண்டினால் வயல் முடிந்து மேட்டுக்காடு வரும். ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இறக்கத்தில் பயந்து பிரேக் பிடிப்பவன் அடுத்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவான். விட்டுப் பிடித்தால் பாதி ஏற்றத்தைச் சைக்கிளே ஏறிக்கொள்ளும். இது நான் அரிசி வண்டியில் போய்ப் பார்த்துச் சொல்வது.

துறையூரையும் தாண்டிப் பச்சைமலை அடிவாரம் வரை போவது மலை வழி. கல்லும் குழியுமான வண்டிப்பாதை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். திரும்பி இறங்கும்போது பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால் பிரேக் தேயாதாம். இந்த "மாம்", "தாம்" எல்லாம் ஏன் போடுகிறேன் தெரியுமா? இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பாதையைக் கண்ணால் பார்த்ததில்லை. வானம் வெளுத்த நாளில் மில் மாடியில் நின்றால் வடக்கே ஒரு கோடு மாதிரி தெரியும். அதுதான் என் பச்சைமலை.

மூட்டை தூக்கிய உடம்பு எனக்கு. உங்களைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டியிருப்பேன். ஆனால் பதிமூன்றாம் வாய்ப்பாடு வந்த அன்றைக்கே பள்ளிக்கூடத்துப் பின்சுவரைத் தாண்டியவன் நான். பதினேழுக்கு எங்கே போவேன்? தங்கை புருஷன் முன்னால் அதைச் சொல்ல முடியுமா? ஐந்து பதினேழு எண்பத்தைந்து வரை எப்படியோ கூட்டிச் சொல்லிவிட்டு, ஆறில் இருமிக்கொண்டு காலை ஊன்றிவிடுவேன்.

"பாவம், மச்சானுக்கு நெஞ்சு பலமில்லை. ஆத்தங்கரை" என்று நீங்கள் சொல்வீர்கள். வருஷம் தவறாமல் சொன்னீர்கள். மறுநாள் இவள் எனக்குத் திப்பிலிக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். இல்லாத இருமலுக்கு அத்தனை கஷாயம் குடித்தவன் இந்தத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

போன வருஷம் எனக்கு ரோஷம் வந்தது. சாவதற்குள் மலைப்பாதையைப் பார்த்துவிடுவது என்று மில்லில் மூட்டைகளைப் பதினேழு பதினேழாக அடுக்க ஆரம்பித்தேன். வரிசை வரிசையாகப் பார்த்து மனப்பாடம் செய்தேன். கணக்குப்பிள்ளை வந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்ன மேஸ்திரி இது? இருவது இருவதா அடுக்கச் சொன்னா கோணலா நிக்குது?" என்றார். "எலி வராதுங்க" என்றேன். நம்பிவிட்டார். இப்போது பக்கத்து மில்லிலும் அப்படித்தான் அடுக்குகிறார்களாம்.

பத்து பதினேழும் எனக்குத் தண்ணீர் பட்டபாடு ஆனது. உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மலைக்குப் போகலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் ஆடியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். அவ்வளவுதான். இப்படியா ஒரு மனுஷன் போட்டிக்குப் பயந்து ஓடுவான்?

இந்தக் காணும் பொங்கலுக்கும் போனோம். உலகச் சண்டை வந்ததிலிருந்து டயருக்குத் தட்டுப்பாடு. தெப்பக்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற நம் காதர் பாய்தான் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு எல்லாரையும் ஓட வைத்தார். பாலத்து முனையில் உங்கள் இடத்தில் நிற்க ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். கடைசியில் காதர் பாய் போய் அந்தக் கரையில் நின்றார்.

நான் ஏறினேன். ஒரு பதினேழு பதினேழு. நல்ல குரலில்தான் ஆரம்பித்தேன். ஐந்தைத் தாண்டினேன், ஆறில் இருமவில்லை. பின்னால் கிட்டு ஐயங்கார், "ஓய்! நூத்தி ரெண்டா! எப்போ ஓய் கத்துண்டீர்?" என்று கத்துவது கேட்டது. ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது. எட்டு என்று வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை. நெஞ்சில் ஒரு மூட்டையைப் போட்ட மாதிரி இருந்தது. காலை ஊன்றிவிட்டேன். இருமல் வந்தது. இந்தத் தடவை நான் வரவழைத்தது இல்லை.

காதர் பாய் நடந்து வந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மேஸ்திரி. வாத்தியார்தான் இல்லையே, யாரு கேக்கப் போறா? நீங்க எங்ககூட மலைக்கு வாங்க. தள்ளிக்கிட்டாவது போய்ச் சேந்துடலாம். உங்களுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. சரி என்றுதான் சொல்ல வந்தேன். பாலம் தாண்டி வழி பிரிகிற இடத்தில், மேற்கே போகிற ரோட்டோரம் நாலு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் நம் ஆற்றங்கரைக் கோஷ்டி. ஒருவனும் ஏறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிட்டு ஐயங்கார் மேல்மூச்சு வாங்கியபடி சொன்னார்: "நீர் தாராளமா மலைக்குப் போம். நான் இப்படியே ஆத்துக்குப் போய்ப் படுத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லே."

"வருத்தமில்லாத மூஞ்சியா ஐயரே இது? தயிர் புளிச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

"ஐயர்னு சொல்லாதேயும்னு எத்தனை தரம் சொல்றது ஓய்!" என்று அவர் கோபமாகச் சைக்கிளில் ஏறினார். கோபம் வந்தால் அவருக்கு மூச்சும் வந்துவிடும், இது எனக்குப் பழைய கணக்கு. காதர் பாயிடம் போய் வாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு நானும் மேற்கே திரும்பினேன். குணசீலம் வரை அவரை ஐயர் என்றே கூப்பிட்டுக்கொண்டு போனேன். மனுஷன் ஒரு மதகில்கூட இறங்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் பாலத்தில் கூடியதும் நேரே இங்கே வந்தேன். மலை வழிக்காரர்கள் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கை இவளிடம் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அழுவாளோ என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அண்ணே, ஒங்களுக்கு வாய்ப்பாடு வராதுன்னு மொத வருஷமே அவருக்குத் தெரியும். அதுக்குத்தான் பதினேழுன்னு வெச்சாரு."

"என்னது?"

"மூச்சு வாங்கறவங்க எவ்வளவு தூரம் வந்தோம்னு நெனச்சாலே திரும்பிடுவாங்களாம். 'ஒங்கண்ணன் பேச ஆரம்பிச்சா எவனுக்கும் அந்த நெனப்பு வராது, அவரை நான் மலைக்கு விட மாட்டேன்'னு எங்கிட்ட சொல்வாரு. ஒங்களுக்கு இருமலே இல்லைன்னும் தெரியும். கஷாயம்கூட அவரு சொல்லித்தான் வெச்சேன். மிளகு ரெண்டு கூடப் போடுன்னு சொல்வாரு."

கேட்டீர்களா, மாப்பிள்ளை? மிளகு ரெண்டு கூடவாம்! மலையை மறைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். மிளகுக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தடவையாவது என்னிடம் நேரே கேட்டிருக்கக் கூடாதா, "மச்சான், ஆத்தங்கரைக்கு நீங்கதான் வேணும்" என்று? கேட்டிருந்தால் நான் போயிருப்பேனா? தெரியவில்லை. போயிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, பாலத்தில் பாதியில் நின்றதை இப்போது முடித்துவிடுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு பதினேழு நூற்று முப்பத்தாறு...

செல்லம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். "எங்கே போறே? இன்னும் ரெண்டுதான் இருக்கு" என்றேன். "இனிமே நீங்களாச்சு, அவராச்சு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதனால் மிச்சத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒன்பது பதினேழு நூற்று ஐம்பத்துமூன்று. பத்து பதினேழு நூற்று எழுபது. உட்கார்ந்துகொண்டு சொன்னது செல்லாது என்பீர்கள். சரி, செல்லாது.

ஒன்று மட்டும் வாக்கு. கால் மிதிக்கிற வரை ஆற்றங்கரை வழி என்னுடையது. சட்டத்தையும் மாற்ற மாட்டேன். எனக்குப் பிறகு வாய் ஓயாத ஒருவனைப் பார்த்துவைப்பேன். அவனுக்குப் பதினேழு தெரிந்திருந்தால் பத்தொன்பது கேட்பேன்.

மிளகுக் காரம் இன்னும் இறங்காத
உங்கள் மச்சான்
மருதமுத்து