சாப்பிடப் போயிருக்காங்க

என் பிரியமுள்ள பிலோ அக்காவுக்கு,

சின்ன மாமனார் பேத்திக்கு நேற்று கல்யாணம். காலையில் மயிலாப்பூர் மாதா கோயிலில் பூசை, மதியம் தி.நகரில் சாப்பாடு. பெரியத்தான் வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கம்மா, அந்தச் சத்தம் எனக்கு ஆகாது" என்றார். நீங்கள் இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. நானும் வீட்டிலேயே இருந்திருக்கலாம், என் வீட்டுக்காரர் விடவில்லை.

அவர் ஹாலுக்குள் நுழைந்ததுமே சித்தப்பா பிள்ளைகளோடு ஐக்கியமாகிவிட்டார். "அங்க லேடீஸ்லாம் இருக்காங்க பாரு, போய் உக்காரு" என்று எனக்கு ஒரு உத்தரவு.

லேடீஸ் இருந்தார்கள் அக்கா. யார் யார் என்றுதான் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன், பாதிப் பேரின் பெயர் இன்னும் எனக்கு வராது. வரவிட்டீர்களா நீங்கள்? எதிரே யார் வந்தாலும் என் காதில் விழும்படி, "வாங்க வாங்க, கோடம்பாக்கம் சார்லஸ் அண்ணே" என்று சத்தமாக வரவேற்பீர்கள். நானும் பிறந்ததிலிருந்தே பழகியவள் போல, "அண்ணி வரலையா அண்ணே" என்பேன். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முறைத்துக்கொள்பவர்கள் என்று ஊர் நினைக்கிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குடும்பத்தையே ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

நேற்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா? சொல்லு பாப்போம்" என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அவரே கையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. போனை எடுத்து, பார்த்த படங்களையே மறுபடி பார்த்தேன். அத்தனை பேர் நடுவில் அழுகை வந்தது.

அப்போதுதான் பாலவாக்கம் ரோஸி அத்தை வந்தார். இரண்டு வருடம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருக்கிறார்.

"இன்னாடி ஸ்டெல்லா, தனியா நின்னுகினு கீற? எங்க உன் ஜோடி?"

"சாப்பிடப் போயிருக்காங்க அத்தை."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடம், நீங்கள் மாடியில் கை கழுவிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பது போல அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அது பாவமா அக்கா?

"அப்ப நான் போய் எடம் புடிக்கிறேன், மூணு பேரும் ஒண்ணா உக்காரலாம்" என்று அத்தை கிளம்பிவிட்டார். தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பந்திக்குப் போனால், கைப்பையையும் குடையையும் போட்டு இரண்டு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறார். நடு நாற்காலி உங்களுக்கு. பரிமாறுகிறவர் மூன்று இலையிலும் பிரியாணியும் பிரெட் அல்வாவும் வைத்துவிட்டுப் போனார்.

"எங்க பிலோ? தேடிப் பாத்தேன், காணமே. ஆறுது பாரு."

"தவக்காலத்துலயே போயிட்டாங்க அத்தை. கேன்சர். உங்களுக்கு யாரும் சொல்லல போல."

அத்தை என்னையே பார்த்தார். "அப்ப ஏன்டி அப்டி சொன்ன?"

"இல்லன்னு சொல்லிட்டா, நான் தனியா நிக்கிறது நெஜமாயிடும்ல அத்தை."

ஆள் இல்லை என்று நினைத்து உங்கள் இலையை எடுக்க வந்தவரிடம் அத்தை, "அது கெடக்கட்டும் நைனா, ஆளு கீது" என்றார். இரண்டு பேரும் குனிந்துகொண்டு சாப்பிட்டோம்.

உங்களுக்கு சுகர். எந்தக் கல்யாணத்திலும் உங்கள் அல்வா என் இலைக்குத்தான் வரும். நேற்று அதைத் தள்ளிவிட யாருமில்லை. நானே கையை நீட்டி எடுத்துக்கொண்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

ஜனவரியில் கோடம்பாக்கத்தில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. போவேன் அக்கா. பெயர் தெரியாதவர்களிடம் பெயர் கேட்பேன். நீங்கள் எங்கே என்று யார் கேட்டாலும் உங்களைச் சாப்பிட அனுப்ப மாட்டேன், இல்லை என்றே சொல்வேன். அல்வாவை மட்டும் இரண்டு பேருக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.

உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி,
ஓரகத்தி ஸ்டெல்லா