சரசு அக்காவின் மாத்திரை

செவ்வாய், இரவு.

இணையவழியில் நடக்கும் தொடர்பாடல் வகுப்பில் படித்ததை இன்று ஆஸ்பத்திரியில் செய்து பார்த்தேன். டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. வழக்கமாக முடிவில் "வெளங்குச்சா?" என்பேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

லிந்துலைப் பக்கம் கொழுந்து பறிக்கும் சரசு அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை. இந்தத் தடவை பாடத்தில் சொன்னபடி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்லட்டும் என்று, "வீட்ல போயி என்னான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"தலைசுத்து நின்னா மாத்திரைய விட்டுறலாம்னு."

நின்றாலும் விடக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். திரும்பச் சொன்னேன். வரிசையில் முணுமுணுத்தார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவைதான் அக்கா சரியாகச் சொன்னார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"போன தடவையும் இதத்தான் சொன்னாரா தங்கச்சி? நான் விட்டுட்டேனே. அதுக்கப்புறந்தான் மலையில விழுந்தேன்."

"ஆமாங்கக்கா. இதேதான்."

அன்றைக்கும் தமிழில் சொன்னது நான்தான்.

"எனக்குத்தான் மண்டையில ஏறல போல" என்று சீட்டை மடித்துக்கொண்டு போனார்.

வகுப்புக்கு அனுபவக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். பாடம் பயன்பட்டது என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அக்கா என்னைத் திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.