அத்தை வரமுடியாத பிரசவம்

பாலகாட் லைன், கோலார் தங்கவயல்
1903 பிப்ரவரி 8

குடியாத்தம் அத்தை பாப்பம்மாள் அவர்களுக்கு, மருமகன் முனிரத்தினம் கைகூப்பி எழுதுவது. நானும், உங்கள் மகள் கன்னியம்மாளும், அவள் வயிற்றில் இருந்தபடி எங்கள் இருவரையும் உதைப்பவரும் சுகம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளேக் சோதனைக்காக ரயிலில் வருகிறவர்களை இறக்கிப் பத்து நாள் கொட்டகையில் வைப்பது உண்மைதான். ஒன்பது மாதப் பிள்ளைத்தாய்ச்சியை அப்படி உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் இப்போது கிளம்பவேண்டாம். தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவரவில்லையே என்று யாராவது கேட்டால், பழியை என்மேல் போடுங்கள்.

போன வருஷம் பிரசவத்தில் தவறிப்போன மூத்தவளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் கன்னிக்கு இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரே கடிதத்தில் மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். ஆகையால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் லைன் வீடுகளில் வெங்கடம்மா என்று ஒரு மருத்துவச்சி இருக்கிறார். தெலுங்குக்காரர். இங்கே ஓடித்திரியும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். கன்னியைப் பார்த்ததுமே, "நாள் பூரா படுத்திருந்தா புள்ள எப்படிம்மா எறங்கும்? எழுந்து நட" என்று அதட்டினார். அன்றிலிருந்து காலையில் குந்தி உட்கார்ந்து வீடு பெருக்குகிறாள். சாயங்காலம் என் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு சுரங்க வாயான ஷாஃப்ட் வரை நடந்து வந்து, என்னோடு திரும்பி நடக்கிறாள். அடியிலிருந்து கூண்டில் ஏறி வரும் ஆட்களெல்லாம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். "இன்னா முனிரத்தினம், உங்க மேஸ்திரி வந்துட்டாங்க, தலை எண்ணப் போறாங்க" என்று என் கூட்டாளி தங்கவேலு தினமும் கேலி செய்வான். முதலில் வெட்கப்பட்டாள். நேற்று அவனைப் பார்த்து, "எண்ணிட்டேண்ணா. நீங்க ஒருத்தர் மட்டும் அழுக்கே ஆவாம மேல வந்திருக்கீங்க" என்று போட்டாளே ஒரு போடு! வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

அடுத்து வருவதை, உங்களுக்குக் கடிதம் படித்துச் சொல்லும் தபால்காரர் சௌந்தரராஜன் கொஞ்சம் மெதுவான குரலில் படிக்கட்டும். தினமும் நல்லெண்ணெயைச் சூடுபண்ணி அவள் முதுகிலும் இடுப்பிலும் தேய்த்துவிடுவது நான்தான். பாறையில் துளை போட்டுப் பழகிய கையல்லவா, முதல் நாள் அலறிவிட்டாள். வெங்கடம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, எவ்வளவு இலேசாகத் தடவவேண்டும் என்று பழக்கிவிட்டார். அதன்பின் இடுப்புக்கு வெந்நீர். குடிக்கச் சீரகத் தண்ணீர். ஒருக்களித்துத்தான் படுக்கை.

பக்கத்து வீட்டுச் சரோஜம்மா, சீக்கிரம் வலி எடுக்கும் என்று ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். வெங்கடம்மா அதை வாங்கி விளக்கிலேயே ஊற்றிவிட்டார். "எப்ப வரணும்னு அதுக்குத் தெரியும். வழிவிட ஒடம்பப் பழக்கறதுதான் நம்ம வேல" என்றார்.

கன்னி தைரியமாக இருக்கிறாள். பூமிக்கடியில் போனால் எனக்குத்தான் வேலை ஓடவில்லை.

உங்கள் ஆசியை வேண்டும்,
முனிரத்தினம்

பாலகாட் லைன்
பிப்ரவரி 23

அத்தைக்கு, முதலில் செய்தி. பெண் குழந்தை. இருவரும் நலம். இனி உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள்.

வியாழக்கிழமை காலை சுரங்கத்துக்குள் ஆள் வந்து, வலி கண்டுவிட்டது என்றார். கூண்டு அவ்வளவு மெதுவாக ஏறி நான் பார்த்ததில்லை. படுத்துக் கிடப்பாள் என்று ஓடினால், சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். வலி வந்தால் விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக் குந்துவாள். விட்டதும் மறுபடி நடை. வெங்கடம்மாவும் சரோஜம்மாவும் என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

உச்சிப்பொழுது சாய்ந்ததும் அவளுக்குக் கால் தளர்ந்தது. "அம்மா, அம்மா" என்று உங்களைக் கூப்பிட்டாள். "அக்கா மாதிரி ஆயிடுமா?" என்று அவள் கேட்டது வெளியே எனக்கும் கேட்டது.

கதவு திறந்தது. வெங்கடம்மா என்னைப் பார்த்து, "முதுகத் தாங்க ஆளு வேணும். அவ அம்மா இருந்தா அவங்க ஒக்காருவாங்க. இல்லயே. நீ வா" என்றார். "ஐயையோ, ஆம்பளயா!" என்று சரோஜம்மா வாயில் கைவைத்தார். "அவ யார் மேல சாஞ்சுக்குவாளோ அவங்கதான் வேணும்" என்று வெங்கடம்மா சொல்லிவிட்டார்.

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். நீங்கள் உட்கார்ந்திருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்து, பின்னாலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டேன். முழு பாரத்தையும் என்மேல் போட்டாள். "நடந்த நடை வீண் போவாது கன்னி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதுமுன் குழந்தை பிறந்துவிட்டது. யார் முதலில் அழுதது என்று தங்கவேலு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அடுத்த மாதம் ரயில் சோதனை தளரும் என்கிறார்கள். தளர்ந்ததும் புறப்பட்டு வாருங்கள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்குத் தெரியாது என்பது நிஜம்தான். ஆனால் அதற்காக மட்டும் கூப்பிடவில்லை. கன்னி சிரித்துப் பேசுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். குழந்தை தூங்கினால் மட்டும் அதன் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். நல்லா இருக்குது என்றால் தலையாட்டுகிறாள். கொஞ்சம் கழித்து மறுபடி பார்க்கிறாள். நீங்கள் வந்து இரண்டு பேரையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அவளும் தூங்குவாள், நீங்களும் தூங்குவீர்கள்.

வழி பார்த்திருக்கும் உங்கள் மகன் போன்ற,
முனிரத்தினம்