நண்டு உடைத்த கை

கார்த்திகை 9, செவ்வாய்

நண்டுக் குழம்பு வீடியோவின் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: "போன வாரம் முடக்குவாதம்னு அழுதீங்க. இப்ப நண்டை இந்த உடை உடைக்கிறீங்க. இந்தக் கைக்கு ஒரு நோயும் இல்ல. லைக்குக்காக நாடகம்." அதற்குக் கீழே ஒரு கூட்டமே சிரித்திருக்கிறது. மாலை முழுக்க அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

வீடியோவில் பேசுவது மட்டும்தான் நான். நண்டை உடைப்பதும் மசாலா அரைப்பதும் என் நாத்தனார் தேவி. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த களைப்போடு எனக்காக உட்காருகிறாள். பேரும் முகமும் வரக் கூடாது என்பது அவள் போட்ட கண்டிஷன். எனக்கோ காலையில் டம்ளரைப் பிடிக்கக்கூட விரல் மடங்குவதில்லை.

"அது உன் கைன்னு எழுதிடட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எய்துனா இன்னா, எய்தாட்டி இன்னா அண்ணி? அவன் நம்புனாத்தான் உனுக்கு வலிக்குமா? நாளிக்கு இறா எடுத்தாறேன். நீ பேசுறதுக்கு ரெடியா இரு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதுவும் என் வீட்டுப் பாத்திரம்.

நான் பதில் எழுதவில்லை. யோசித்தால், அந்தப் பாவி ஒன்றைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அந்தக் கைக்கு ஒரு நோயும் இல்லை. என்றைக்கும் வரவும் கூடாது, தாயே.