ஹஸ்னாவின் பாடமும் பெண் கேட்க வராத சேரும்

கடல் எடுத்துக்கொண்ட பிறகும் தினமும் என்னிடம் ஏச்சு வாங்குகிற என் மகள் றிஸானாவுக்கு,

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, தான் அங்கே இல்லை என்று சத்தியம் பண்ணக் கூடாது. நான். உன் தம்பி ஜௌபர். உன் மகள் ஹஸ்னா. கூப்பிடாமலே வந்த பக்கத்து வீட்டுச் சுபைதா. கெம்பஸில் ஹஸ்னாவுக்குப் பொருளியல் படிப்பிக்கிற இர்பான் சேர். அவருடைய உம்மா.

உன்னையும் உன் புருசனையும் கடல் கொண்டுபோனபோது ஹஸ்னாவுக்கு நடை வந்த புதிது. பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளையை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று முகாமில் சுபைதா கேட்டதை நான் மறக்கவில்லை. கேட்கும்போது அவள் தின்றுகொண்டிருந்தது என் பங்குப் பாண். அந்தப் பிள்ளைதான் இன்று கெம்பஸில் படிக்கிறாள்.

கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பாடம் போனில்தான் வருகிறது. ஹஸ்னாவின் போனுக்குள் ஒரு பெண்ணின் குரல் இருக்கிறது. எழுத்தாக எது வந்தாலும் அது வாசித்துச் சொல்லும். ஆனால் சேர்மார் பாடத்தைக் கையால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறார்கள். போட்டோவைக் கண்டால் அந்தக் குரல் “படம்” என்று சொல்லி நின்றுவிடும். அடுத்த பக்கத்தைத் தட்டினால் அதுவும் “படம்”. பரீட்சை நெருங்கி வருகிறது, பிள்ளையிடம் இருப்பதெல்லாம் படம்.

நான் வாசித்துக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு என்னை மறித்த என் வாப்பாவை, உன் மூத்தாப்பாவை, அன்றைக்கு நன்றாக ஏசினேன். விலை ஏறினால் சனம் வாங்குவது குறையும் என்று எழுதியிருந்தது. மீன் விலை ஏறின நாளில்தானே சுபைதா பெரிய பாரையாக வாங்கி ஒழுங்கை முழுக்கக் காட்டிக்கொண்டு போவாள், பிறகு எப்படிக் குறையும் என்று கேட்டேன். “மூத்தம்மா, எழுதினத மட்டும் வாசிங்க” என்றாள் உன் மகள். ஒரு பக்கம் முடியுமுன் பள்ளியில் பின்னேர அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். கெம்பஸை விடப்போகிறேன் என்று அன்றுதான் சொன்னாள். சேருக்கும் குரலில் பதிந்து அனுப்பிவிட்டாளாம். பதிலே இல்லையாம்.

பதில் ஜௌபரின் போனுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இர்பான் சேர் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம், ஹஸ்னாவின் விசயமாக. ஆளின் குரல் இளசாக இருக்கிறது என்றும் ஜௌபர் சொன்னான். நீயே சொல் மகள், இளந்தாரி ஒருவன் உம்மாவோடு பிள்ளையின் விசயமாக வந்தால் நம்முடைய ஊரில் அதற்கு இன்னொரு கருத்து இருக்கிறதா?

வழக்கப்படி பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல உடுப்பாகப் போடச் சொல்லி அறைக்குள் விட்டேன். சுபைதா என் அடுப்படியில் நின்று வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்தாள்.

வந்தார்கள். கலியாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊர் அல்லவா? அவர்கள் கேட்குமுன் நானே அறை அறையாகக் காட்டினேன். யுத்தம் முடிந்த வருசம் கிடைத்த சுனாமி வீடு, ஹஸ்னாவின் பெயரில்தான் இருக்கிறது என்றேன்.

“இந்த அறைக்குள்ள சிக்னல் இரிக்கா உம்மா?” என்று கேட்டார் சேர்.

“எல்லாம் இரிக்கி மனே. கிணத்துலயும் நல்ல தண்ணி.”

“ஹஸ்னாக்குத் தனிய இரிக்கக் கெடைக்கிற நேரம் எது?”

சுபைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உச்சி கொதித்தது.

“அதெல்லாம் நிக்காஹ்வுக்குப் பொறகு,” என்றேன்.

சேர் தன் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய உம்மாதான் கதைத்தார். “என்ன நிக்காஹ் ராத்தா? இவனுக்கு ரெண்டு புள்ள இரிக்கி.” ஹஸ்னா படிப்பை விடுவது வீட்டில் படிக்க வசதி இல்லாமலோ என்று பார்க்கத்தான் வந்தார்களாம். குமர்ப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போவது முறையில்லை என்று மகன் தன்னைக் கூட்டிவந்தாராம். முறை பார்த்ததால் வந்த வினை.

சேரின் குரலைக் கேட்டு ஹஸ்னா தானாகவே வெளியே வந்தாள். பெண் இப்படிச் சபைக்குள் வருவதா என்று ஜௌபர் மறித்தான். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் சுவரைத் தடவிக்கொண்டு நேரே போய்ப் போனை நீட்டினாள். “படம். படம். படம்.” சேர் தன் பாடத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டார்.

“இதான் சேர் நீங்க தந்த பாடம். இதுல நான் எதப் படிக்கிற?”

தன் கையெழுத்து அழகு என்று பிள்ளைகள் சொன்னதால்தான் கையால் எழுதினாராம். அதைச் சொல்லும்போது அவர் குனிந்துகொண்டார். என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதியை வைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமையிலிருந்து அவருடைய பாடமெல்லாம் டைப் பண்ணி வருகிறது. கோடு கீறிக் காட்டுவதையும் சொல்லில் எழுதுகிறார்: இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்குகிறது என்று. அதைக் கேட்டு ஹஸ்னா தட்டில் பரப்பிய அரிசிமாவில் விரலால் கீறிப் பார்த்தாள். “இவ்வளவுதானா மூத்தம்மா?” என்று சிரித்தாள். நீ சிரிப்பது போலவே மூக்குச் சுருங்கியது.

அவளோடு படிக்கிற கவிதா, பாண்டிருப்பில் தோணி வைத்திருக்கிறவரின் மகள், வந்து சொல்லிப்போனாள். போட்டோ இறக்கினால் அவளுடைய டேட்டா தீர்ந்துவிடுமாம். எழுத்தாக வருவதால் அவளுடைய உடைந்த போனிலும் பாடம் திறக்கிறதாம். பார்த்தாயா, கேட்டது ஒருத்தி, கிடைத்தது எத்தனை பேருக்கு?

பொருளியலுக்கு இனிப் பயமில்லை. ஆனால் புள்ளிவிபரப் பாடம் இன்னும் போட்டோவாகத்தான் வருகிறது. அதைப் படிப்பிக்கிற பர்ஸானா மேடத்திடம் ஹஸ்னா கேட்டிருக்கிறாள். “ஒரு புள்ளைக்காக எல்லாத்தையும் மாத்த ஏலா” என்றாராம்.

ஒரு பிள்ளையாம். நீ என்னிடம் விட்டுப்போனதும் ஒரு பிள்ளைதான், றிஸானா.

பரீட்சைக்கு முதல் ஹஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெம்பஸுக்குப் போய், அந்த மேடத்தின் அறை வாசலில் உட்காரப்போகிறேன். பாடம் எழுத்தாக வரும்வரை எழும்பமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. கடலை ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன்.

இப்படிக்கு,
உன் உம்மா, ஹஸ்னாவின் மூத்தம்மா,
எந்தக் காலத்திலும் மன்னிக்கப்போவதில்லை பர்ஸானா மேடத்தை.