மடைதிறப்புச் சீட்டின் விலை

போன ஞாயிறு சீட்டாட்டக் கோப்பையை நான் ஜெயித்தேன், புரபசரே. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பேக்கரி மாடியில், நாம் வாராவாரம் ஆடிய அதே ஹாலில். கடைசியாக இறக்கியது உங்கள் ‘மடைதிறப்பு’ச் சீட்டு. அதன் உறையில் இன்னும் உங்கள் நீலகிரித் தைலம் மணக்கிறது.

ஆளாளுக்கு நாற்பது சீட்டைத் தேர்ந்து ஒரு கட்டு கட்டுவோமே, நான் முதலில் கட்டியது நினைவிருக்கிறதா? மற்றவர்கள் வீரர்களை நிரப்பி, எதிராளியின் இருபது உயிரையும் அடித்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். நான் சந்தை, படகு, கிடங்கு என்று காசு கொண்டுவரும் சீட்டாகவே அடுக்கினேன். அடி தாங்க நாலு சுவர். வெங்காய மண்டிக்காரன் வேறெப்படிக் கட்டுவான்? மேசையில் என்னிடம்தான் எப்போதும் காசு அதிகம். தோற்பதும் எப்போதும் நான்தான்.

ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டில், முப்பத்தொரு காசைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றேன்.

“முதலாளி, துறையூர்லேருந்து வெங்காயம் ஈரக் காயா வந்தா எத்தனை நாள் வச்சிருப்பீங்க?”

“மூணு நாள். மேல வச்சா அழுகிடும்.”

“இந்தக் காசும் ஈரக் காய்தான். ஆட்டம் முடிஞ்சா வெறும் தோல். யாருக்காகப் பதுக்குறீங்க?”

“ஒரு வீரனுக்கு நாலு காசு கேக்குறான். கொள்ளை விலை, புரபசரே.”

அப்போதுதான் பெட்டியிலிருந்து மடைதிறப்பை எடுத்தீர்கள். கையிலுள்ள காசு முழுவதையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். ஒரு காசுக்கு எதிராளியின் ஓர் உயிர் போகும். உடனே விலை கேட்டேன். மறுத்தீர்கள். ஒரு மூட்டை வெங்காயம் என்றேன். அடுப்படியிலிருந்து உங்கள் வீட்டம்மா மல்லிகாக்கா குரல் கொடுத்தார்: “ரெண்டு மூட்டைன்னா யோசிங்க.”

நீங்கள் விற்கவில்லை. “இரவல்தான். இத வச்சுக் கோப்பை ஜெயிச்சா, அன்னிக்கே திருப்பித் தரணும்.”

ஆடியில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சீட்டு என்னிடம் தங்கிவிட்டது.

போன ஞாயிறு இறுதி ஆட்டத்தில் என் கையில் இருபத்திரண்டு காசு. எதிரே உறையூர்ப் பல் டாக்டரம்மா, இருபது உயிரோடு. மடைதிறப்பும் கையில்தான் இருந்தது. இறக்கினால் ஜெயிப்பேன், ஜெயித்தால் உங்களுடையது என்று என்னிடம் இருக்கும் ஒரே பொருளும் போய்விடும். சுவர்ச் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“ஆடுங்கண்ணா, டீ ஆறுது,” என்றார் டாக்டரம்மா.

யாருக்காகப் பதுக்குறீங்க என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. இறக்கிவிட்டேன்.

சாயங்காலமே ஸ்ரீரங்கம் போய்ச் சீட்டை நீட்டி, ஆட்டம் நடந்த விதத்தைச் சொன்னேன். மல்லிகாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இருபத்திரண்டையும் கொட்டிட்டீங்களா? அவர் இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டார்.” பிறகு உங்கள் பெட்டியைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டார். “சீட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ஓசியில இல்ல. எனக்கும் ஒரு கட்டு கட்டணும். அவர் மாதிரி சண்டைக் கட்டு வேணாம். காசுக் கட்டு.”

“சரிக்கா. மாசம் ஒரு சனிக்கிழமை வரேன்.”

“வாராவாரம்.”

“ஒரு ஆட்டம்?”

“மூணு.”

முப்பது வருஷமாக மண்டியில் பேரம் பேசுகிறேன். இப்படி மடங்கியதில்லை. கடைசியில் படிந்தது இதுதான்: சனிதோறும் காலையில் மூன்று ஆட்டம். இட்லியும் சாம்பாரும் அவர் பொறுப்பு, அதற்கு வெங்காயம் என் பொறுப்பு. பாவம் பார்த்து நான் ஓர் ஆட்டம் விட்டுக்கொடுத்தாலும் போதும், சீட்டு அன்றே அவர் பெட்டிக்குத் திரும்பிவிடும்.