சேனை வைக்காத கை

ஆன்ட்டி,

சமையலறையில் அத்தை பூண்டு உரிக்கிறார். அந்த வாசனை வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் கழித்து. எனக்கு இரண்டாவதும் பெண். பிறந்து பத்து நாள். மூச்சு விடுகிறாளா என்று இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

எங்கள் மாடி அறையில் ஆறு வருடம் குடியிருந்தீர்கள். ஆசிரமத்துக்கு வந்து போகும் இன்னொரு வெள்ளைக்காரி என்றுதான் முதலில் நினைத்தோம். தமிழை என் மாமியாரான அத்தையிடமே கற்றுக்கொண்டீர்கள். "காரம் ஜாஸ்தி, சோறு கம்மி" என்று நீங்கள் தட்டை நீட்டினால், "இந்த ஊர்க்காரியாவே ஆயிட்ட" என்று சிரிப்பார். பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலை சுற்றி வந்து, குதிகால் வெடிப்புக்கு அவரிடமே விளக்கெண்ணெய் கேட்பீர்கள்.

அதனால்தான், பெரியவள் என் வயிற்றில் இருந்தபோது, சேனை வைக்க உங்களைக் கூப்பிட்டார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் அதற்கு வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. சொந்தத்தில் எத்தனையோ பேர் இருக்க, உங்களைக் கேட்டார். நீங்கள் கண் கலங்கித் தலையாட்டினீர்கள்.

தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படித்தவள் நான், வாய் திறக்கவில்லை. எனக்கு அம்மா இல்லை. பிள்ளை பெற்றால் பார்த்துக்கொள்ளப் போவது அத்தைதான். அவர் முகம் சுருங்கிவிடுமோ என்ற பயத்தில் மாடியேறி வந்து, "நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க ஆன்ட்டி. என் பேரு வர வேணாம்" என்றேன்.

நகர்ந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தீர்கள். "எனக்கும் மனசு சரியில்ல. குழந்தைங்க வார்டுல வேல செஞ்சவ நான். ஆனா இது அவங்க ஊரு, அவங்க வழக்கம். நான் வந்தவ."

ஆஸ்பத்திரியில் அத்தை வெள்ளிக் கிண்ணத்தை நீட்டியபோது, "என்னால முடியாதும்மா. அவ அம்மா பால்ல தொட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டீர்கள்.

"அது சேனையாவுமா? உன்ன மதிச்சிதான கூப்ட்டேன்?" கிண்ணத்தை வாஷ்பேசினில் கவிழ்த்துவிட்டுத் தரையில் போய் உட்கார்ந்தார் அத்தை. நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் பத்தியத்துக்காக வைத்திருந்த பூண்டில் ஒரு கைப்பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நகத்தால கிள்ளாத, எரியும்" என்றார் அத்தை. அதற்கப்புறம் ஒரு மாதம் உங்களோடு அவர் பேசவில்லை. நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

சிகிச்சைக்கென்று உங்கள் ஊருக்குப் போனீர்கள். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று உங்கள் தங்கையிடமிருந்து செய்திதான் வந்தது. அத்தை அழுதார். "நல்லவதான். எம் பேத்திக்கு ஒரு சொட்டு சேனை வைக்க மாட்டேன்னுட்டா, அதான்" என்றார். அன்றும் நான் சொல்லவில்லை.

இந்தத் தடவை அதே கிண்ணத்தோடு அவரே வந்தார். "வேணாம் அத்த. அன்னிக்கும் வேணாம்னது நான்தான். அவங்கள சொல்ல வச்சேன்."

நீட்டிய கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அந்தம்மாகிட்ட ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசலியேடி." சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தார். "உன் பால குடு. அவ பேர சொல்லி வைக்கிறேன்."

வைத்தார். ஆனால் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை.

குழந்தை தூங்குகிறாள். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி பூண்டு எடுத்துக்கொள்ளப் போகிறேன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுந்து போகாமல் இருப்பது உங்கள் குணம். சேனை வைக்காமலே எனக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.